பதினான்காம் பக்கத்துச் செல்வி

கள்ளக்குறிச்சி
20 மார்ச் 2025

கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேலேயும், பெரியவர்களுக்குக் காட்டவேண்டிய மரியாதைக்கு முப்பதாயிரம் அடி மேலேயும் வீற்றிருக்கும் வெள்ளிமலை ஆங்கில ஆசிரியை, என் தங்கை பாப்பாத்தியின் ஒரே மகள், மருமகள் செந்தமிழ்ச்செல்விக்கு, அடிவாரத்து வெயிலில் வெந்துகொண்டிருக்கும் தாய்மாமன் சுப்புராயன் எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தை விஜயலட்சுமியும் சுகம். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி, அவளுக்கு என்மேல் பயம் கொஞ்சம் கம்மி, மற்றபடி குறையில்லை. உன் சுகம் கேட்கப் பதினேழு தடவை போன் போட்டேன். "அவ உங்கள பிளாக் பண்ணி ஆறு மாசம் ஆவுது, சும்மா அந்த போன அமுக்கிக்கினு கெடக்கறீங்க" என்றாள் உன் அத்தை. நல்லது. அஞ்சல் துறையை பிளாக் செய்யும் பொத்தானை இன்னும் எவனும் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே இந்தக் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். கோமுகி ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எவன் வீட்டுக் கல்யாணமானாலும், பத்திரிகையின் ஆங்கிலப் பக்கம் என் மேசைக்கு வந்து, என் சிவப்பு மை பட்டு, 'அச்சிடலாம்' என்று நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்தோணிதாஸ் பிரஸ்ஸில் மெஷின் ஓடும் என்பது உனக்குத் தெரியும். ஒரே ஒருமுறை என்னிடம் காட்டாமல் அடித்தான். மாப்பிள்ளை பெயர் வரவேண்டிய இடத்தில் மண்டபத்தின் பெயர் வந்து, ஒரு குடும்பப் பெண் எண்ணூறு பத்திரிகைகளில் ஒரு கட்டடத்துக்குக் கழுத்தை நீட்டினாள். அன்றிலிருந்து என் கையெழுத்து இல்லாமல் அவன் மை டப்பாவைக்கூடத் திறப்பதில்லை.

நேற்று அந்த அந்தோணிதாஸ் வந்தான். "சார், உங்க தங்கச்சி பொண்ணு பத்திரிகதான் சார். கொஞ்சம் பாத்து குட்த்துருங்க" என்று நீட்டினான். பார்த்தேன். பெரியப்பா பெயர் இருக்கிறது. சித்தப்பாக்கள் பெயர் இருக்கிறது. தியாகதுருகத்தில் இருக்கும், நீ ஜென்மத்தில் பார்த்திராத ஒரு பங்காளியின் பெயர்கூடப் பட்டத்தோடு இருக்கிறது. கடைசி வரியில் என்ன இருக்கிறது? 'தாய்மாமன் மற்றும் உற்றார் உறவினர்.'

முப்பத்து நான்கு வருஷம் நான் என்ன பாடம் நடத்தினேன்? மலை என்றால் காமன் நவுன், கல்வராயன் என்றால் ப்ராப்பர் நவுன். ஆறு என்றால் காமன், கோமுகி என்றால் ப்ராப்பர். இந்த பூமியில் தாய்மாமன்கள் நூறு கோடிப் பேர் இருப்பார்கள். சுப்புராயன் ஒருத்தன்தான். என்னைத் தூக்கி அந்த நூறு கோடியில் போட்டுவிட்டாய். என் பெயர் வரும்வரை ப்ரூஃப் என் மேசையை விட்டு நகராது. கல்யாணம் மே இருபத்தெட்டு. கடிகாரம் உன் பக்கம் இல்லை.

பின்குறிப்பாக ஒரு சந்தோஷச் செய்தி. போன வருஷம் நான் வெளியிட்ட ஆங்கில இலக்கணப் பயிற்சி நூலைத் தமிழரசன், உன்னோடு என் டியூஷனில் உட்கார்ந்து படித்தவன், இப்போது அவன் அப்பா விட்டுப்போன ரைஸ்மில்லுக்கு முதலாளி, முந்நூறு பிரதி வாங்குகிறான். ஜூனில் பள்ளி திறந்ததும் ஜீப்பில் ஏற்றி மலைப் பிள்ளைகளுக்கெல்லாம் இலவசம். உன் ஆறாம் வகுப்பிலும் இனி என் நூல்தான்.

ஆசிகளுடன்,
ஒரு பொதுப்பெயர்


வெள்ளிமலை
26 மார்ச் 2025

மாமாவுக்கு,

நான் நலம். நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள். எழுத வேண்டிய முறைக்கு எழுதினேன்.

உங்கள் நூல் எனக்குப் புதிதல்ல. செப்டம்பரில் எங்கள் பள்ளி ஜெயசுதா டீச்சர் கள்ளக்குறிச்சியில் வாங்கி வந்து, "பதினாலாம் பக்கத்த பாருங்க செல்வி, உங்க பேரு" என்று சிரித்துக்கொண்டே காட்டினார். உங்கள் நம்பரை பிளாக் செய்தது அன்றுதான்.

பதினோரு வாக்கியம். 'செல்வி ஈஸ் எ லேசி கேர்ள்.' 'செல்வி டோல்ட் எ லை.' 'செல்வி ஸ்டோல் எ பென்.' செல்வி சோம்பேறி, செல்வி பொய் சொன்னாள், செல்வி பேனா திருடினாள். ப்ராப்பர் நவுனுக்கு ஒரு கோடும் காமன் நவுனுக்கு இரண்டு கோடும் போடவேண்டும். இருபது வருடத்துக்கு முன் டியூஷனில் கரும்பலகையில் எழுதிய அதே வாக்கியங்கள். ஒன்றைக்கூட மாற்றவில்லை.

என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். பாதிப் பேர் வீட்டில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள். என்னை மிஸ் என்று கூப்பிடுகிறார்கள். அதற்கு முன்னால் என்னை என்னவென்று கூப்பிட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

அந்தப் பக்கம் மலையேறக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பத்திரிகையில் உங்கள் பெயரை வேண்டுமென்றேதான் விட்டேன். அம்மா அழுததால் 'தாய்மாமன்' என்ற சொல்லை மட்டும் விட்டுவைத்தேன்.

செ. செல்வி


கள்ளக்குறிச்சி
31 மார்ச் 2025

பதினான்காம் பக்கத்தின் பட்டத்து அரசியான மருமகளுக்கு,

சுகம். மலைக்காற்று உனக்கு ஒத்துக்கொள்வது உன் கடிதத்தின் காரத்தில் தெரிகிறது. சளி இருமல் இருந்தால் இவ்வளவு அழுத்தி எழுத முடியாது.

முதலில் ஒன்று. அது நீ இல்லை. செல்வி என்பது இந்த மாவட்டத்தில் ஒரு பெயரா? பஸ் ஸ்டாண்டில் நின்று "செல்வி" என்று ஒரு குரல் கொடுத்துப் பார். நானூறு பெண்கள் திரும்புவார்கள், இரண்டு கறவை மாடு திரும்பும், சேலம் வண்டி நின்றுவிடும். அந்த நானூறில் ஒருத்தியும் என்மேல் சண்டைக்கு வரவில்லை. நீ மட்டும் ஏன் தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொள்கிறாய்?

இரண்டாவது, அந்த வாக்கியங்கள் சாதாரணப்பட்டவை அல்ல. அவற்றால் இங்கிலீஷ் கற்றவர்கள் இன்று துபாயில் இருக்கிறார்கள், துறைமுகத்தில் இருக்கிறார்கள், ஒருவன் கோர்ட்டில் வக்கீலாக நின்று ஜட்ஜையே திருத்துகிறான். நான்கு தலைமுறை நாக்குக்கு நீ உரம் போட்டிருக்கிறாய். சிலை வைக்கவேண்டியவள் சண்டை வைக்கிறாய்.

ஆனாலும் நான் இரக்கமுள்ளவன். ஒரு பேரம் சொல்கிறேன். நீ என் பெயரைப் பத்திரிகையில் போடு. தடித்த எழுத்தில், தனி வரியில். அது அச்சாகி என் கைக்கு வந்தபிறகு, உன் பெயரை நூலிலிருந்து எடுப்பதைப்பற்றி நான் யோசிக்கத் தொடங்குவேன்.

அந்தோணிதாஸ் தினமும் வருகிறான். "சார், மெஷின் சும்மா நிக்குது சார். உங்க மச்சான் போன் மேல போன் அட்ச்சிக்கினு கீறாரு, நான் இன்னான்னு சொல்றது" என்று புலம்புகிறான். உன் அப்பாவை எனக்கே நேராகப் போன் செய்யச் சொல். பத்து வருஷமாகப் பேசாதவர் பேச ஒரு நல்ல சந்தர்ப்பம்.

தனி வரிக்குக் காத்திருக்கும்,
சுப்புராயன், எம்.ஏ., பி.எட்.


வெள்ளிமலை
7 ஏப்ரல் 2025

மாமாவுக்கு,

நலம். இங்கே இரண்டு நாளாக மழை. சிக்னல் இல்லை. உங்களுக்கு எழுதத்தான் நேரம் இருக்கிறது.

போன ஞாயிறு அம்மா பஸ் ஏறி இங்கேயே வந்துவிட்டார். "ஏன்டி, அவன் பேர ஒரு மூலையில போட்டா உனக்கு இன்னா கொறஞ்சி பூடும்? நாளைக்கு மேடைக்கு உன்ன யாரு கைய புட்ச்சி கூட்டிக்கினு வருவா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

டியூஷனில் நாற்பது பேர். பலகையில் வாக்கியம் எழுதும்போது தமிழரசன் ஒருநாளும் தமிழரசன் இல்லை, 'எ பாய்'. சர்க்கரை ஆலை அதிகாரி மகள் 'எ கேர்ள்'. ஃபீஸ் கட்டின அத்தனை பேரும் உங்களுக்குப் பொதுப்பெயர். கட்டாத ஒருத்திக்கு மட்டும்தான் பெயர் இருந்தது. நானூறு செல்விகளில் யாரோ என்கிறீர்கள். அந்த அறையில் செல்வி ஒருத்திதான் மாமா.

இன்னொன்று. 'செல்வி ஸ்டோல் எ பென்' என்று நீங்கள் எழுதியது ஒரு திங்கட்கிழமை. தமிழரசனின் தங்க மூடி போட்ட பேனா காணாமல் போனது புதன்கிழமை. முதலில் வாக்கியம் வந்தது, அப்புறம்தான் திருட்டு வந்தது. நாற்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீங்களும் பார்த்தீர்கள். "எட்த்திருந்தா குட்த்துரு செல்வி, மாமா ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றீர்கள். மறுநாள் தமிழரசனின் அப்பா வந்து சொன்னதும் என்னை வாசற்படிப் பக்கம் தனியாக உட்கார வைத்தீர்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை எனக்குப் பேனா செல்வி என்று பெயர்.

அடுத்த வாரம் அந்தப் பேனா தமிழரசன் சட்டைப் பையில் இருந்தது. எப்படி வந்தது என்று யாரும் சொல்லவில்லை. பத்து வயதில் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. இப்போது கேட்கிறேன். அந்தப் பேனா எங்கே கிடைத்தது?

செ. செல்வி


கள்ளக்குறிச்சி
12 ஏப்ரல் 2025

மருமகளுக்கு,

சுகம், சுகம், சுகத்துக்கு மேல் சுகம். வெயில் எப்படி அடிக்கிறதென்றால், நேற்றுத் தெருக்குழாயில் பிடித்த தண்ணீரில் உன் அத்தை நேரடியாக டீத்தூளைப் போட்டுவிட்டாள். மத்தியானம் தெருவில் நடந்தவர்களின் நிழல்கூட வீட்டுக்குள் ஓடி ஒளிந்துகொள்கிறது.

உன் கடிதத்தை முழுவதும் படித்தேன். எழுத்துப் பிழை இல்லை. அது என் வளர்ப்பு.

உனக்காக நான் இறங்கி வருகிறேன். நூலில் செல்வி என்பதை எடுத்துவிட்டு, அதன்மேல் வேறு பெயரை ஒட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். முந்நூறு பிரதிக்கும் ஒட்டுத்தாள். என்ன பெயர் போடலாம் என்று மூன்று நாள் தவமிருந்தேன். வானம் பிளந்து ஒரு பெயர் இறங்கியது. எதிர்வீட்டுச் செல்லியம்மாள். நாகரிகம் தெரிந்தவன் என்பதால் நேரில் போய் அனுமதி கேட்டேன். வாக்கியங்களைத் தமிழில் படித்தும் காட்டினேன்.

"எது, நான் பேனா திருடனனா?" என்றாள்.

"உதாரணத்துக்கு."

"இன்னா உதாரணம்? என் வூட்டு வாசல்ல வந்து நின்னுக்கினு என்னையே திருடின்ற. உம் பொண்டாட்டி பேர போட்டுக்க வாத்தியாரே. இல்லாங்காட்டி உம் பேர போட்டுக்க. எம் பேரு பொஸ்தவத்துல வந்துது, உன் மீசைய வெச்சிக்கினு நீ தெருவுல நடக்க முடியாது."

அவள் கையில் முறம் இருந்தது. அது எனக்கும் அவளுக்கும் நடுவில் பறந்த தூரத்தை நீ பார்த்திருந்தால் விண்வெளிக்கு ராக்கெட் விடுகிறவர்களை மறந்திருப்பாய். இலக்கணத்தின் பொருட்டு நான் பட்ட விழுப்புண்ணை உன் அத்தை மஞ்சள் வைத்துக் கட்டினாள், சிரித்துக்கொண்டே.

ஆகவே வேறு பெயர் தேடுகிறேன். நீ என் பெயர் விஷயத்தில் என்ன முடிவு செய்தாய்? அந்தோணிதாஸ் இன்று வரவில்லை. கோபம் போலிருக்கிறது. மாப்பிள்ளை கவியரசனுக்கு என் ஆசியைச் சொல். அவன் திருக்கோவிலூர்ப் பள்ளியில் கணக்கு வாத்தியார் என்று கேள்விப்பட்டேன். கணக்கு நல்ல பாடம். அதில் எவன் பெயரும் வராது.

முறத்துக்குத் தப்பிய,
சுப்புராயன்


வெள்ளிமலை
17 ஏப்ரல் 2025

மாமாவுக்கு,

நலம்.

வெயிலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். முறத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பேனா உங்கள் கடிதத்தில் இல்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன்.

செல்லியம்மாளிடம் அனுமதி கேட்டிருக்கிறீர்கள். அவருக்கு வாயும் முறமும் இருந்தன. எனக்குப் பத்து வயது. என் அப்பாவுக்கு அப்போது வேலை இல்லை, சாயங்காலச் சாப்பாடு உங்கள் வீட்டில். எங்கள் வீட்டிலிருந்து முறம் பறக்காது என்று உங்களுக்குத் தெரியும்.

ஏப்ரல் முப்பதுக்குள் நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் அப்பா திருக்கோவிலூரில் வேறு பிரஸ்ஸில் கொடுத்துவிடுவார். ஆங்கிலப் பக்கமே இல்லாமல் அடித்துக்கொள்கிறோம். எனக்கு உங்கள் கையெழுத்து தேவையில்லை. நான் கேட்டதற்குப் பதில்தான் தேவை.

செ. செல்வி


வெள்ளிமலை
29 ஏப்ரல் 2025

மாமாவுக்கு,

பன்னிரண்டு நாள் ஆயிற்று. நீங்கள் ஒரு தும்மலுக்கு நான்கு பக்கம் எழுதுகிறவர்.

நாளை பள்ளிக்கு விடுமுறை விட்டதும் மலை இறங்குகிறேன். இனி எழுதினால் இப்போது அப்பா வீடு இருக்கும் திருக்கோவிலூர் முகவரிக்கு எழுதுங்கள். எழுதாவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்கிறேன்.

செல்வி


கள்ளக்குறிச்சி
3 மே 2025

செல்விக்கு,

உடம்பு சுமார். இந்தக் கடிதத்தை ஏழு தடவை எழுதிக் கிழித்தேன். எழுபது என்று எழுதத்தான் கை போனது. ஏழுதான்.

அந்தப் புதன்கிழமை தமிழரசன் நோட்டைத் திருத்தும்போது என்னுடைய பேனாவில் மை தீர்ந்துவிட்டது. அவன் பேனாவை நான்தான் அவன் மேசையிலிருந்து எடுத்தேன். திருத்திவிட்டு அவன் நோட்டுக்குள்ளேயே வைத்து மூடி, மற்ற நோட்டுகளோடு அலமாரியில் வைத்துவிட்டேன். அவன் பேனாவைக் காணோம் என்று அழுதபோது எனக்கு அது நினைவில் இல்லை. இதை நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் உண்மை. பலகையில் நானே எழுதிய வாக்கியம் கண் முன்னால் இருந்தது. உன்னைத்தான் பார்த்தேன்.

சனிக்கிழமை நோட்டுகளை எடுத்தபோது பேனா விழுந்தது.

அதற்குள் அவன் அப்பா வந்து போயிருந்தார். உன்னை வாசற்படிக்கு அனுப்பியிருந்தேன். நாற்பது பிள்ளைகள் முன்னால், எடுத்தது நான்தான் என்று சொன்னால் அதற்குமேல் எந்த வாக்கியத்தை எழுதி எப்படித் திருத்துவது? பேனாவை எடுத்துக்கொண்டு ரைஸ்மில்லுக்குப் போனேன். அவர் கையில் கொடுத்து, "கெட்ச்சிட்ச்சிங்க" என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. "பரவால்ல வாத்தியாரே, சொந்தக்கார பொண்ணு, நீங்க இன்னா பண்ணுவீங்க, வெளிய சொல்ல வேணாம்" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அப்புறம் அந்த வாக்கியத்தைப் பலகையிலிருந்து எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று யாராவது கேட்பார்களோ என்று விட்டுவைத்தேன். வருஷா வருஷம் எழுதினேன். நூலிலும் போட்டேன். எழுத எழுத அது வெறும் உதாரணம் ஆகிவிட்டது எனக்கு.

ப்ரூஃபில் கையெழுத்துப் போட்டு அந்தோணிதாஸிடம் கொடுத்துவிட்டேன். தாய்மாமன் வரியில் நான் கை வைக்கவில்லை. அதை நீ பார்த்துக்கொள்.

சுப்புராயன்


திருக்கோவிலூர்
7 மே 2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. வேறு பிரஸ்ஸுக்குக் கிளம்பின அப்பாவை நிறுத்தி வைத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் எடுக்கவில்லை என்பது எனக்கு இருபது வருடமாகத் தெரியும். எனக்கு எழுதி என்ன பயன்? தெரியாதவனிடம் போய்ச் சொல்லுங்கள்.

முந்நூறு பிரதியையும் காசு கொடுத்து வாங்குகிறவன் அவன். அந்த வாக்கியத்தைப் படித்தபோது சிரித்திருப்பான். நேற்றுக்கூட அப்பா உரம் வாங்கக் கள்ளக்குறிச்சி போன இடத்தில் அவனைப் பார்த்திருக்கிறார். "செல்விக்கு கல்யாணமாமே, ஒரு நல்ல பேனாவா வாங்கி பிரசன்ட் பண்றேன் சித்தப்பா" என்றானாம். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

கடிதத்தில் அல்ல. வாயால், அவன் முகத்துக்கு நேராக, உங்கள் பெயரைச் சொல்லி.

செல்வி


கள்ளக்குறிச்சி
13 மே 2025

செல்விக்கு,

சர்க்கரை ஏறியிருக்கிறது. உன் அத்தை சுகம். அப்பா அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

நேற்றுக் காலை ரைஸ்மில்லுக்குப் போனேன். அவன் தனி அறையில்தான் உட்காரச் சொன்னான். நான் களத்திலேயே நின்றேன். நெல் காயவைக்கிற பெண்கள் ஒரு பத்துப் பேர் இருந்தார்கள். நூறு என்று எழுதமாட்டேன்.

"தமிழரசா, அந்தப் பேனாவ எட்த்தது செல்வி இல்ல. நான்தான் எட்த்தேன். உன் நோட்டுக்குள்ளயே வெச்சிட்டு மறந்துட்டேன்."

"இன்னா சார், காலங்காத்தால. பழைய கதையெல்லாம் கிளறிக்கினு. விடுங்க சார், சின்ன புள்ளையில அதெல்லாம் சகஜம். உங்க தங்கச்சி பொண்ணு, நீங்க விட்டுக்குடுப்பீங்களா?" என்று சிரித்தான்.

நான் உன்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறான், செல்வி. நான் இருபது வருஷம் பேசாமல் இருந்தபோது அத்தனை பேரும் நம்பினார்கள். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னதும் ஒருத்தனும் நம்பவில்லை. திரும்பவும் சொன்னேன். எந்த நோட்டு, எந்தப் பாடம், அலமாரியில் எந்தத் தட்டு என்று சொன்னேன். சனிக்கிழமை அவன் அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவர் தப்பாக நினைத்துக்கொண்டார், நான் திருத்தவில்லை என்றேன். அப்போதுதான் அவன் சிரிப்பு நின்றது.

"அப்போ எங்கப்பா சாவறவரைக்கும் அந்த பொண்ணுதான் திருடிச்சின்னு சொல்லிக்கினு இருந்தாரே. அவர பொய்யனாக்கிட்டு நீ பாட்டுக்கு கெளரவமா சுத்திக்கினு இருந்தியா?"

சார் போய் நீ வந்தது. பெண்கள் நெல் கிளறும் துழாவுகட்டையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி, "அந்த கண்ணாலத்துக்கு நிக்கற பொண்ணா? பாவி மனுசா" என்றாள். என்னைப் பார்த்துத்தான்.

"நான் ஒரு பொஸ்தவமும் வாங்கல. இனிமே மில்லுக்குள்ள வராத" என்றான். நல்லது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முந்நூறு பிரதியும் என் வீட்டு முற்றத்தில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. உன் அத்தை அதன்மேல் துணி விரித்து வடாம் காயப்போட்டிருக்கிறாள். டியூஷன் பிள்ளைகளிடம் விற்ற பிரதிகளைத் திரும்ப வாங்கி அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். கிழித்தால் நவுன் பாடம் முழுவதும் போய்விடுகிறது. ஏன் என்று கேட்கிற பிள்ளைக்கெல்லாம் சொல்கிறேன். இதுவரை முப்பத்தொரு பேர் கேட்டார்கள். ஊரில் இப்போது எனக்குப் பேனா வாத்தியார் என்று பெயர்.

பதினான்காம் பக்கம் மலையேறாது.

சுப்புராயன்


திருக்கோவிலூர்
17 மே 2025

மாமாவுக்கு,

சர்க்கரைக்கு மாத்திரையை விடாதீர்கள்.

களத்தில் நடந்தது நீங்கள் எழுதுவதற்கு முன்பே அப்பா காதுக்கு வந்துவிட்டது. அன்று ராத்திரி இரண்டு தோசை அதிகம் கேட்டார்.

பத்திரிகை இத்துடன் இருக்கிறது. பிரித்துப் பாருங்கள். உங்கள் பெயர் இல்லை. தாய்மாமன் என்ற வரியையும் எடுத்துவிட்டேன். அந்தோணிதாஸ் விசைப்பலகையில் கை வைத்துக்கொண்டு, "கடைசியா கேக்கறேம்மா, சார் பேர போட்டுர்லாமா?" என்றார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்றேன். அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. நீங்கள் ஒரு நாள் களத்தில் நின்றீர்கள். நான் நான்கு வருடம் வாசற்படியில் உட்கார்ந்தேன். இரண்டும் ஒன்று என்று என்னால் அச்சடிக்க முடியாது.

ஆனால் உறையின்மேல் உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன். நம் வீடுகளில் பத்திரிகையின் உள்ளே பெயர் இருப்பவர்கள் அழைக்கிறவர்கள். உறையின்மேல் பெயர் இருப்பவர்கள் அழைக்கப்படுகிறவர்கள். சொந்தத் தாய்மாமனுக்கு எவரும் உறையில் பெயர் எழுதித் தபாலில் அனுப்பமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். என் கையெழுத்தில்.

சீர் கொண்டுவர வேண்டாம். மேடைப் பக்கம் வர வேண்டாம். மேடைக்கு நானே நடந்து போய்க்கொள்வேன். அத்தையை அழைத்துக்கொண்டு கல்யாணத்துக்கு வாருங்கள்.

செந்தமிழ்ச்செல்வி


கள்ளக்குறிச்சி
21 மே 2025

செந்தமிழ்ச்செல்விக்கு,

நாங்கள் இருவரும் சுகம். மாத்திரை சாப்பிடுகிறேன். மணப்பெண் வெயிலில் அலையவேண்டாம் என்று உன் அத்தை எழுதச் சொன்னாள்.

உறை வந்தது. தபால்காரர் வாசலில் நின்று, "இன்னா சார், உங்க தங்கச்சி வூட்டு பத்திரிகையே உங்களுக்கு தபால்ல வருது" என்றார். ஆமாம் என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு சைக்கிளை எடுத்தார்.

பத்திரிகையின் ஆங்கிலப் பக்கம் சரியாக இருக்கிறது. திருத்த ஒன்றும் இல்லை.

உன் அத்தை பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள். சீர்த்தட்டுகளைப் பரணிலிருந்து இறக்கப் போனவளை வேண்டாம் என்று நிறுத்தினேன். ஏன் என்று கேட்டாள். உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "சரி, போயி கும்பல்ல நின்னு அட்சத போட்டுட்டு வரலாம்" என்றாள்.

எந்தப் பந்தி என்று நீ எழுதவில்லை. கடைசிப் பந்தியில் உட்காருகிறோம்.

சுப்புராயன்